சோறு எழுந்த இடத்தில் எண்ணெய்

காங்கேயத்தில் எங்களுக்கு மரச்செக்கு. அப்பா காலத்தில் மாடு சுற்றியது, இப்போது மோட்டார் சுற்றுகிறது. வாகை மர உலக்கை மட்டும் அப்படியே இருக்கிறது. கொப்பரை, கடலை, எள் மூன்றும் ஆட்டுகிறோம். எண்ணெய் விற்றுச் சாப்பிடுகிறவன் எண்ணெயைப் பற்றி எழுதினால் யாவாரத்துக்காக எழுதுகிறான் என்றுதான் நினைப்பீர்கள். கடைசி வரை படித்துவிட்டு என் வீட்டுக்காரியைக் கேளுங்கள். இந்தக் கட்டுரையால் மாதம் எத்தனை லிட்டர் விற்பனை குறையும் என்று அவள் கணக்கே போட்டு வைத்திருக்கிறாள்.

முன்பெல்லாம் கடைக்கு வருகிறவர்கள் தாளிக்க, தலைக்கு, சாமி விளக்குக்கு என்று கேட்பார்கள். இப்போது "ஏனுங்கண்ணா, கீட்டோவுக்கு எந்த எண்ணெய்ங்க?" என்று கேட்கிறார்கள். பத்துப் பன்னிரண்டு வருடங்களுக்கு முன் முகநூல் வழியாகத் தமிழ்நாட்டில் புகுந்த பேலியோ அலையின் தம்பி இது. அப்போது ஊறவைத்த 100 பாதாமும் வெண்ணெய் டீயும் பேச்சாக இருந்தன. இப்போது எல்லாரும் கையில் கைப்பேசியை நீட்டுகிறார்கள். திரையில் யாரோ ஒருவர், "ஆரோக்கியமான கொழுப்பைச் சேர்த்துக்கொள்ளுங்கள்" என்று சிரித்துக்கொண்டே சொல்கிறார்.

அந்தச் 'சேர்' என்ற சொல்லில்தான் கோளாறு. எதை எடுத்துவிட்டுச் சேர்ப்பது என்பதை அவர் சொல்வதில்லை. சொன்னாலும் நம் காதில் அது விழுவதில்லை. என் காதில் விழவில்லை.

2022-ல் எனக்கு 49 வயது, 93 கிலோ. மூன்று மாதச் சராசரிச் சர்க்கரை 7.8. மெட்ஃபார்மின் மாத்திரை ஓடிக்கொண்டிருந்தது. ஒரு வீடியோவைப் பார்த்துவிட்டு, கடுங்காப்பியில் வெண்ணெய் ஒரு துண்டும் தேங்காய் எண்ணெய் இரண்டு கரண்டியும் விட்டு மிக்சியில் அடித்துக் குடிக்க ஆரம்பித்தேன். நம் கடைச் சரக்குதானே என்று மூன்றாம் நாள் கரண்டி மூன்றானது. நான்காம் நாள் திருப்பூருக்குப் பேருந்தில் போய்க்கொண்டிருந்தவன், படியூரில் வண்டியை நிறுத்தச் சொல்லி இறங்கி ஓடினேன். அங்கே எனக்குக் கழிப்பறைச் சாவியைக் கேள்வி கேட்காமல் எடுத்துக் கொடுத்த பெட்ரோல் பங்க் பையன் நூறு வயது வாழட்டும்.

வயிறு ஏன் அப்படிக் கலக்கியது என்பது பிறகுதான் தெரிந்தது. எம்சிடி எனப்படும் நடுத்தரச் சங்கிலிக் கொழுப்பு குடலில் இருந்து நேராகக் கல்லீரலுக்குப் போய்ச் சீக்கிரம் கீட்டோன் என்ற எரிபொருளாக மாறும். பழக்கமில்லாத வயிற்றில் அதை மொத்தமாக இறக்கினால் பேதியாகும். தேங்காய் எண்ணெயே எம்சிடி எண்ணெய்தான் என்று விற்கிறார்களே, அதுவும் முழு உண்மை இல்லை. அப்படி வேகமாகக் கல்லீரலுக்குப் போகும் கேப்ரிலிக், கேப்ரிக் அமிலங்கள் இரண்டும் சேர்ந்து அதில் ஏழில் ஒரு பங்குதான் இருக்கும். ஏறக்குறையப் பாதி லாரிக் அமிலம். அது பெரும்பாலும் மற்றக் கொழுப்புகளைப் போல நிதானமாகவே உடம்புக்குள் போகும். நான் குடித்த அளவுக்கு எந்த எண்ணெயாக இருந்தாலும் வெறும் வயிறு சும்மா இருந்திருக்காது.

வயிற்றுப்போக்கு கூடப் பெரிதில்லை. பன்னிரண்டாம் நாள் எடை பார்த்தால் 94 கிலோ 400 கிராம். காலையில் எண்ணெய்க் காப்பி, மத்தியானம் "கொஞ்சமாக" ரசம் சோறு, ராத்திரி இரண்டே தோசை. கொழுப்பைச் சேர்க்கச் சொன்னார்கள், நானும் ஒழுங்காகத்தான் சேர்த்திருந்தேன்.

என்னைத் திருத்தியவர் மாதம் இரண்டு லிட்டர் நல்லெண்ணெய் வாங்க வரும் ஒரு அக்கா. கோவையில் ஓர் ஆஸ்பத்திரியில் உணவு ஆலோசகராக வெகு காலம் வேலை பார்த்து ஓய்வு பெற்றவர். இங்கே மகள் வீட்டில் இருக்கிறார். "ஏந்தம்பி, மூஞ்சி இப்படி வாடிக் கெடக்குது?" என்றார். சொன்னேன். சிரிக்கவில்லை. மேசையில் இருந்த பில் புத்தகத்தை இழுத்து, ஒரு தாளைத் திருப்பிப் பின்பக்கம் எழுத ஆரம்பித்தார்.

எடை குறைய வேண்டிய எனக்கு ஒரு நாளைக்கு 1,600 கலோரி என்று வைத்துக்கொண்டார். கீட்டோ என்றால் அதில் 70 சதவீதம் கொழுப்பு, அதாவது 1,120 கலோரி. ஒரு கிராம் கொழுப்புக்கு 9 கலோரி என்பதால் 124 கிராம். புரதம் 100 கிராம், அதற்கு 400 கலோரி. மாவுச்சத்துக்கு மிச்சம் 80 கலோரி. வகுத்தால் 20 கிராம். எண்ணைச் சுற்றி ஒரு வட்டம் போட்டார். "ஒரு கப் சோத்துல எவ்வளவு மாவுச்சத்து இருக்குதுன்னு தெரியுமா தம்பி? 45 கிராம். உன்ற ரெண்டு நாள் கணக்கு ஒரே கப்புல முடிஞ்சுது. காலைல எண்ணெயைக் குடிச்சுப்போட்டு மத்தியானம் சோறு தின்னா அதுக்குப் பேரு கீட்டோ இல்லை. விருந்து."

நாள் முழுவதும் சேர்த்து 50 கிராம் மாவுச்சத்து வரை போகலாம் என்று சொல்கிறவர்களும் உண்டு, நீ 20-ல் ஆரம்பி என்றார். பிறகு சொன்னதுதான் எனக்கு உறைத்தது. "சோறு எந்திரிச்சுப் போன எடத்துல எண்ணெயை உக்கார வெக்கோணும். சோத்து மடியிலயே கொண்டுபோய் உக்கார வெக்கக் கூடாது."

கீட்டோ சினிமாக்காரர்கள் கண்டுபிடித்த உணவுமுறை என்று நினைத்திருந்தேன். அமெரிக்காவின் மேயோ கிளினிக்கில் ரசல் வைல்டர் என்ற மருத்துவர் 1921-ல் இதை முன்வைத்தாராம். தொப்பைக்காக இல்லை, காக்காய் வலிப்பு நோயாளிகளுக்காக. பட்டினி கிடந்தால் வலிப்பு குறைகிறது என்பது பழைய காலத்திலிருந்தே தெரிந்த விஷயம். பட்டினியில் நடப்பதைப் பட்டினி போடாமல் உடம்பில் நடத்த முடியுமா என்று யோசித்ததில் பிறந்தது இது. மாவுச்சத்தும் புரதமும் சேர்ந்து 1 கிராம் என்றால் கொழுப்பு 4 கிராம் என்பது குழந்தைகளுக்கு வந்த கடுமையான கணக்கு. தராசில் நிறுத்துத்தான் கொடுத்தார்கள். அதில் கொழுப்பு தொட்டுக்கொள்ள வைத்ததல்ல. அதுதான் சோறு. 1938-ல் ஃபெனிட்டாயின் மாத்திரை வந்த பிறகு இந்தத் தராசு பரணுக்குப் போனது. மாத்திரைக்கு அடங்காத வலிப்புள்ள குழந்தைகளுக்கு இன்றும் மருத்துவர் மேற்பார்வையில் கொடுக்கிறார்கள். நாம் அந்தத் தராசை விட்டுவிட்டு வெண்ணெயை மட்டும் எடுத்துக்கொண்டோம்.

என் தவறுக்கு நேர் எதிர்த் தவறும் கடைக்கு வருகிறது. திருப்பூர் பனியன் கம்பெனியில் வேலை செய்யும் ஒரு பையன், 26 வயது இருக்கும். சோற்றையும் விட்டான், எண்ணெயையும் விட்டான். வேகவைத்த கோழி நெஞ்சுக்கறி, முட்டையின் வெள்ளை, வெள்ளரிக்காய். அம்மாவுக்கு எண்ணெய் வாங்க வந்தவன் கடை வாசலில் தலையைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்துவிட்டான். ஐந்தாம் நாளாம். "கீட்டோ எனக்கு ஒத்துக்கலீங்ணா" என்றான். அவன் கீட்டோவே சாப்பிடவில்லை. ஐந்து நாளாகப் பட்டினி கிடந்தான், அவ்வளவுதான்.

மாவுச்சத்தை நிறுத்தியதும் உடம்பு முதலில் கல்லீரலிலும் தசையிலும் சேர்த்து வைத்திருக்கும் சர்க்கரையை எடுத்துச் செலவழிக்கிறது. அதில் ஒவ்வொரு கிராமோடும் மூன்று நான்கு கிராம் தண்ணீர் ஒட்டிக்கொண்டிருக்கும், அதுவும் கூடவே வெளியேறும். முதல் வாரத்தில் இரண்டு கிலோ குறைந்துவிட்டது என்று குதிக்கிறவர்களுக்குப் போனது பெரும்பாலும் இந்தத் தண்ணீர்தான். இன்சுலின் இறங்குவதால் சிறுநீரகம் உப்பையும் வெளியே தள்ளுகிறது. தலைவலி, கிறுகிறுப்பு, கால் பிடிப்பு எல்லாம் பெரும்பாலும் இதனால்தான். அந்தப் பையனுக்கு வீட்டிலிருந்து ஒரு டம்ளர் மோரில் தாராளமாக உப்புப் போட்டுக் கொண்டுவரச் சொன்னேன். குடித்துக் கால்மணி நேரத்தில் எழுந்து நின்றான். ரத்த அழுத்தம் இருப்பவர்கள் இதைப் பார்த்து உப்பை அள்ளிப் போட்டுக்கொள்ள வேண்டாம், மருத்துவரைக் கேட்டுக்கொள்ளுங்கள். அவனுக்கு அக்காவின் சொல்லைத் திருப்பிச் சொன்னேன்: எழுந்த இடம் காலியாக இருந்தாலும் ஆகாது.

சரி, அந்த 124 கிராமை எப்படி உள்ளே அனுப்புவது? குடித்துத்தான் ஆக வேண்டும் என்றால் நான் என்றைக்கோ விட்டிருப்பேன். என்னைக் காப்பாற்றியது பள்ளிபாளையம் சிக்கன்.

எங்கள் கொங்குப் பக்கத்துக் கறி இது. மசாலாப் பொடி எதுவும் கிடையாது. வீட்டுக்காரி இதைச் செய்வதைப் பக்கத்தில் நின்று பார்த்தால் கொழுப்பு என்றால் என்ன என்று புரியும். இரும்பு வாணலியில் நல்லெண்ணெய் இரண்டு மேசைக்கரண்டி. வரமிளகாயைக் கிள்ளி விதையை உதறிவிட்டு அதில் போடுவாள். மிளகாய் கருகக் கூடாது. எண்ணெய் மட்டும் மெல்லச் சிவக்க வேண்டும். பிறகு கறிவேப்பிலை, சின்ன வெங்காயம். வெங்காயத்தில் மட்டும் அக்கா கறார்: அதிலும் மாவுச்சத்து இருக்கிறது, ஒரு ஆளுக்கு ஐந்தாறுக்கு மேல் போகக் கூடாது. அப்புறம் மஞ்சள்தூள், உப்பு, தோல் உரிக்காத கோழி. தோலோடு வெட்டச் சொன்னால் கறிக்கடைக்காரர் ஏற இறங்கப் பார்ப்பார், பரவாயில்லை. தண்ணீர் கை தெளிக்கிற அளவுக்குத்தான். மூடி வைத்து, கறி விட்ட தண்ணீரெல்லாம் சுண்டி, தோலில் இருந்த கொழுப்பும் வாணலி எண்ணெயும் ஒன்றாகக் கலந்து ஓரத்தில் பளபளவென்று பிரிந்து நிற்கும்போது கீறிய தேங்காய்ச் சில்லை அதில் போட்டுப் புரட்டுவாள். சில்லு நுனியில் பொன்னிறம் பிடித்ததும் இறக்குவாள்.

ஒரு தட்டுக்கு என்ன கணக்கு? எண்ணெயில் 27 கிராம், தோலோடு 200 கிராம் கறியில் சுமார் 30, தேங்காய்ச் சில்லு ஒரு கைப்பிடியில் 10. ஒரு நாள் கணக்கில் பாதிக்கு மேல் ஒரே தட்டில் முடிந்தது. யாரும் எதையும் குடிக்கவில்லை. சாப்பிட்டவனுக்கு ராத்திரி வரை பசியும் எடுக்கவில்லை.

சைவக்காரர்களுக்கும் வழி இல்லாமல் இல்லை. கத்தரிக்காயை நல்லெண்ணெயில் வதக்குவது, கீரையைக் கடைந்து நெய்யில் தாளித்துக் கொட்டுவது, காலிஃபிளவரைத் துருவித் தேங்காய் எண்ணெயில் புரட்டிச் சோறு என்று நம்மை நாமே ஏமாற்றிக்கொள்வது, ஆடை எடுக்காத பாலில் உறைந்த தயிர், பொட்டுக்கடலை இல்லாத தேங்காய்ச் சட்னி எல்லாம் உண்டு. கீரையின் மஞ்சள் சத்தும், வைட்டமின் ஏ, டி, ஈ, கே நான்கும் கொழுப்போடு போனால்தான் குடலில் ஒட்டும். எண்ணெய் விடாமல் வேகவைத்த கீரையை மெல்லுகிறவர்களைப் பார்த்தால் எனக்குப் பாவமாக இருக்கும்.

இப்போது எந்த எண்ணெய் என்ற கேள்வி. என் கடைச் சரக்கைப் பற்றி நானே சொல்ல வேண்டும். தேங்காய் எண்ணெயில் 85, 90 சதவீதம் நிறைவுற்ற கொழுப்பு. நெய்யில் அறுபதுக்கு மேல். கடலெண்ணெயிலும் நல்லெண்ணெயிலும் அது ஐந்தில் ஒரு பங்குக்குள். செக்கில் ஆட்டினால் மணம் நிற்கும், எள்ளோடு கருப்பட்டி போட்டு ஆட்டினால் நாக்கில் தனி ருசி நிற்கும். ஆனால் கொழுப்பின் வகை செக்கில் மாறாது, கலோரியும் மாறாது. செக்கு எண்ணெய் எவ்வளவு ஊற்றினாலும் உடம்பில் சேராது என்று எந்தச் செக்குக்காரனாவது சொன்னால் அவன் கடையில் பிண்ணாக்கு வாங்குங்கள், எண்ணெய் வாங்காதீர்கள்.

இதில் நானே அடிபட்டவன். மூன்று மாதம் தேங்காய் எண்ணெயும் வெண்ணெயுமாக ஓட்டினேன். எடை ஏழு கிலோ இறங்கியது, சர்க்கரையும் இறங்கியது. எல்டிஎல் என்ற கெட்ட கொலஸ்ட்ரால் மட்டும் 118-லிருந்து 161-க்கு ஏறிவிட்டது. எல்லாருக்கும் ஏறுவதில்லை. எனக்கு ஏறியது. மருத்துவர் தாளைப் பார்த்துவிட்டு என்னைப் பார்த்த பார்வையில் கடையை மூடச் சொல்கிறாரோ என்று பயந்தேன். வெண்ணெயை நிறுத்தி, சமையலைக் கடலெண்ணெய்க்கும் நல்லெண்ணெய்க்கும் மாற்றி, வாரம் இரண்டு நாள் திருப்பூர் தென்னம்பாளையம் மார்க்கெட்டிலிருந்து மத்தியும் கானாங்கெளுத்தியும் வாங்கச் சொன்னார். ஒமேகா-3 கொழுப்புக்கு வஞ்சிரத்துக்குக் கொடுக்கும் காசு தேவையில்லை, மத்தியே போதும். அடுத்த மூன்று மாதத்தில் 129. ஆரம்பிக்கும் முன் ஒரு ரத்தப் பரிசோதனை, மூன்று மாதம் கழித்து ஒன்று: இதற்குச் செலவழிக்க மனமில்லாதவர்கள் கீட்டோ பக்கம் வர வேண்டாம் என்பேன்.

ஆலிவ் எண்ணெய் நல்லதுதான், வசதி இருந்தால் வாங்குங்கள். அவகேடோ என்று சூப்பர் மார்க்கெட்டில் கேட்டால் ஒரு விலை, தாண்டிக்குடி மலைப்பக்கம் பட்டர் ஃப்ரூட் என்று கேட்டால் வேறு விலை. கீட்டோ என்று அச்சடித்த டப்பாவில் வருகிற எதையும் நான் வாங்கியதில்லை. ஆகாத கொழுப்பு எது என்பதில் எனக்குச் சந்தேகமே இல்லை: வனஸ்பதி, திரும்பத் திரும்பக் காய்ந்த பலகாரக் கடை எண்ணெய். பொருளில் உள்ள எண்ணெய், கொழுப்பில் டிரான்ஸ் கொழுப்பு 2 சதவீதத்தைத் தாண்டக் கூடாது என்று 2022 முதல் நாட்டில் சட்டமே இருக்கிறது. ஆனால் தள்ளுவண்டி வாணலிக்குள் யார் எட்டிப் பார்க்கிறார்கள்? சில்லி சிக்கனில் சோறு இல்லைதான். மேலே பூசியிருப்பது மைதாவும் சோள மாவும்.

இன்னொரு குழப்பத்தையும் பேச வேண்டும். ஐதராபாத்தில் உள்ள தேசிய ஊட்டச்சத்து நிறுவனம் 2024-ல் வெளியிட்ட வழிகாட்டியில் 2,000 கலோரித் தட்டுக்கு எண்ணெய், கொழுப்பு 27 கிராம் என்று இருக்கிறது. பள்ளிபாளையம் சிக்கனுக்கு ஊற்றிய எண்ணெயிலேயே அது தீர்ந்தது. ஆக யார் சொல்வது பொய்? யாரும் இல்லை. அந்த 27 கிராம், 250 கிராம் தானியத்தோடு உட்காரும் தட்டுக்கு. தானியம் இருக்கிற தட்டில் அதற்கு மேல் போகாதீர்கள். தானியம் எழுந்துவிட்ட தட்டுக்குத்தான் என் கணக்கு. அந்தத் தட்டில் இருந்து சோற்றையும் இந்தத் தட்டில் இருந்து எண்ணெயையும் எடுத்து ஒன்றாக வைத்துக்கொண்டவன் நான், பலன் படியூரில் கிடைத்தது.

தமிழ்நாட்டில் பெரியவர்களில் நூற்றுக்கு 14 பேருக்கு மேல் சர்க்கரை நோய் என்று 2023-ல் வெளிவந்த ஐசிஎம்ஆர்-இன்டியாப் ஆய்வு சொல்கிறது. கீட்டோவுக்கு என்று கடைக்கு வருகிறவர்களில் பலர் ஏற்கெனவே மாத்திரை சாப்பிடுகிறவர்கள். இன்சுலினோ கிளிமிபிரைடோ எடுத்துக்கொண்டு திடீரெனச் சோற்றை நிறுத்தினால் சர்க்கரை அபாயமாகத் தாழ்ந்துவிடும். டாபாகிளிஃப்ளோசின், எம்பாகிளிஃப்ளோசின் என்று சர்க்கரையைச் சிறுநீரில் தள்ளும் மாத்திரைகள் இன்னும் மோசம். மீட்டரில் சர்க்கரை பெரிதாக ஏறாமலே ரத்தம் அமிலமாகிவிடும், ஆஸ்பத்திரிக்குத் தூக்கிக்கொண்டு ஓட வேண்டியதாகும். பித்தப்பைக் கல், கணையக் கோளாறு உள்ளவர்கள், கர்ப்பிணிகள் ஆகியோருக்கு நான் எண்ணெயைச் சமையலுக்கு விற்பேன், கீட்டோவுக்கு என்று சொன்னால் விற்க மாட்டேன். நான் ஆரம்பிக்கும்போது மருத்துவரிடம் சொல்லவில்லை. மெட்ஃபார்மின் மட்டும் இருந்ததால் தப்பித்தேன், அது என் சாமர்த்தியம் இல்லை.

ஏழு மாதம் முழுசாக இருந்தேன். 93 கிலோ 79-க்கு வந்தது. இப்போது மத்தியானம் ஒரு கரண்டிச் சோறு உண்டு. அந்தச் சோறு திரும்பி வந்த அன்றைக்கே வீட்டுக்காரி வாணலியில் ஒரு கரண்டி எண்ணெயைக் குறைத்துவிட்டாள். அவளுக்கு யாரும் கணக்குச் சொல்லவில்லை. அக்கா எழுதிய அந்தத் தாள் மேசைக் கண்ணாடிக்கு அடியில் இருக்கிறது. ஓரமெல்லாம் எண்ணெய் ஊறி 124 என்பது 24 மாதிரித் தெரிகிறது.

போன சனிக்கிழமை ஒருவர் வந்தார். பைக்கில் காலி டின் கட்டியிருந்தது. "அஞ்சு லிட்டர் தேங்காய் எண்ணெய் போடுங்க. நாளையிலிருந்து கீட்டோங்க."

"ஊட்டுல அரிசி இருக்குதுங்களா?"

"இருக்குதுங்க. நேத்துத்தான் ஒரு சிப்பம் இறக்குனோம்."

"உங்க பங்கு யாரு தின்னுவாங்க?"

யோசித்தார். பதில் வரவில்லை. மேசைக்கு அழைத்துக் கண்ணாடிக்கு அடியில் இருந்த தாளைக் காட்டினேன். இரண்டு முறை படித்துவிட்டு அரை லிட்டர் நல்லெண்ணெய் மட்டும் வாங்கிக்கொண்டார். கிளம்பும்போது காலி டின்னைப் பார்த்தவர், எருமைக்கு ஆகுமென்று அது நிறையக் கடலைப் பிண்ணாக்கு போடச் சொன்னார்.